வராத பேத்தி

(ஈரோடு மாவட்டத்தில், அறச்சலூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பு வாசல்.)

பெரியவர்: பேத்தி பள்ளிக்கு வரவில்லை என்று கைப்பேசியில் செய்தி வந்ததால், மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவன் மடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருகிறேன் அம்மணி. இங்கே பார்த்தால் அவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆசிரியை: அவள் வந்துவிட்டாளுங்க ஐயா. கைக்கணினியில்தான் இன்னும் வரவில்லை.

பெரியவர்: அதற்குள் அவள் எதற்காக வர வேண்டும்?

ஆசிரியை: வருகையைப் பதிந்தேனுங்க, போய்ச் சேரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பாருங்கள்.

பெரியவர்: செக்கு சுற்றினால் எண்ணெயாவது வரும். காலையிலிருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?

ஆசிரியை: அது வருகைக்கான வட்டமுங்க, இப்போது சுற்றுவது பாடத்துக்கான வட்டம். புத்தகத்தில் கட்டம்கட்டமாக அச்சடித்திருக்கும் குறியைக் கைக்கணினியில் பிடித்தால், மஞ்சள் என்பது வேரல்ல, மண்ணுக்குள் படுத்து வளரும் மட்டநிலத் தண்டு என்று படம் ஓடிக் காட்டும். புத்தகம் 2019இல் வந்தது, எங்களுக்குக் கைக்கணினி 2024இல் வந்தது, சிக்னல்தான் இன்னும் வந்தபாடில்லை.

பெரியவர்: பவானிசாகரில் திறந்த தண்ணீரே 200 கிலோமீட்டர் வாய்க்காலைக் கடந்து எப்படியோ கடைமடைக்கு வந்துவிடுகிறது, உங்கள் மஞ்சள் எந்த ஊரிலிருந்து புறப்பட்டதுங்க? சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் நிற்பது மஞ்சள்தானே! இந்தாருங்கள், மண்வெட்டி பட்டுப் பெயர்ந்த கிழங்கு, மடியிலேயே கிடக்கிறது. வளையம் வளையமாகத் தெரிவது கணு. கணுவில் முளை கிளம்புவதால்தான் இதையே எடுத்து நடுகிறோம். வேரில் கணு ஏது?

(பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து வந்து எட்டிப் பார்க்கிறார்கள். அன்றைக்கு அந்த வகுப்பில் நடந்த பாடம் இவ்வளவுதான்.)

ஆசிரியை: ஐயா, அதை அப்படியே பிடித்துக்கொண்டு நில்லுங்கள், ஒரு படம் எடுத்து ஏற்றிவிடுகிறேன்.

பெரியவர்: ஒற்றைக் கிழங்கை ஏற்றுவதற்கு வண்டி வைத்தால் வாடகை கட்டுமா?

ஆசிரியை: கைக்கணினியில் ஏற்றுவதுங்க. ஏற்றினால்தான் பாடம் நடத்தியதாகக் கணக்கு.

பெரியவர்: மாட்டுக்குத் தீனி போட்டேன் என்று நாள் முழுக்கப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தால், தீனி போடுவது யார் அம்மணி? பிள்ளைக்குப் புரிந்ததா என்று அந்தப் பெட்டி ஒருநாளாவது கேட்டிருக்கிறதா?

ஆசிரியை: கேட்குமுங்க. அதற்கு வேறொரு வட்டம் இருக்கிறது.

பெரியவர்: அதிலும் எண்ணெய் வராது.

ஆசிரியை: பொறுங்கள், நின்றுவிட்டது! உங்கள் பேத்தி வந்துவிட்டாள். முப்பத்தொரு பேரும் வந்துவிட்டார்கள். ஆனால்... நான் வரவில்லையாம்.

பெரியவர்: அப்படியானால் உங்கள் வீட்டுக்கும் செய்தி போயிருக்கும். வீட்டுக்காரர் ஓடி வருவதற்குள் அந்தக் கிழங்கைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். என் மடை இந்நேரம் உடைந்திருக்கும்.