யாகுசாவில் உறுப்பினராக இருப்பதே குற்றமா?

யாகுசா என்பது ஜப்பானின் திட்டமிட்ட குற்றக் கும்பல்களுக்கான பெயர். ‘ஜப்பானில் யாகுசா தடை செய்யப்பட்ட அமைப்பு, உறுப்பினர் என்று தெரிந்தாலே கைது’ என்று சொல்லப்படுவதுண்டு. அது சரியல்ல. 1992 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டம் இக்குழுக்களைத் தடை செய்யவில்லை. ‘குறிக்கப்பட்ட வன்முறைக் குழு’ என்று அறிவிக்கிறது. அறிவிப்புக்கு ஆயுள் மூன்று ஆண்டு, பிறகு புதுப்பிக்க வேண்டும். அச்சட்டம் தடுப்பது குழுப் பெயரைச் சொல்லி மிரட்டிப் பணம் கேட்பது போன்ற செயல்களைத்தான்.

குழப்பம் வருவது இயல்பே. 2011-க்குள் எல்லா மாகாணங்களும் இவர்களுடன் வணிகம் செய்வதை ஒடுக்கும் விதிகளைக் கொண்டுவந்துவிட்டன. வங்கிக் கணக்குப் படிவத்திலேயே ‘நான் வன்முறைக் குழுவைச் சேர்ந்தவன் அல்ல’ என்ற உறுதிமொழி இருக்கும். உறுப்பினர் ஒருவர் அதை மறைத்துக் கணக்குத் தொடங்கினால் மோசடி வழக்கு, கைது அதற்காக. மாஃபியா வகைக் குழுவில் உறுப்பினராக இருப்பதையே குற்றமாக்கியது இத்தாலி, 1982-இல், தண்டனைச் சட்டம் 416-பிஸ் பிரிவில்.

சரிபார்க்க, ஜப்பான் தேசியக் காவல் முகமையின் தளத்தில் குறிக்கப்பட்ட குழுக்களின் பட்டியலைப் பாருங்கள். பெயர், தலைமையகம் இருக்கும் இடம், தலைவர், ஆள் எண்ணிக்கை எல்லாம் அரசே அச்சிட்டிருக்கிறது. மேலே சொன்ன ஜப்பான் சட்டத்தில் 3-ஆம் பிரிவையும் 9-ஆம் பிரிவையும் படித்தால் போதும்.