புலிமியா: வாயைக் கட்டினால் போதுமா?

“புலிமியா வாயைக் கட்டத் தெரியாதவர்களுக்கு வருவது. மன உறுதி இருந்தால் போதும்” என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. அளவு மீறிச் சாப்பிட்டுவிட்டு, பிறகு வாந்தி எடுத்து வெளியேற்றத் துடிக்கும் இந்த உணவுக் கோளாறை 1979-இல் லண்டன் மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் ஒரு நோயாகவே விவரித்தார்.

கடுமையான பட்டினி மட்டுமல்ல, தனிமை, சண்டை, அவமானம்கூட இதைத் தூண்டும். அளவு மீறிச் சாப்பிட்டதும் மனம் சற்று மரத்துப்போகும். பின்னாலேயே குற்ற உணர்ச்சி, வாந்தி. ‘கட்டுப்படுத்து’ என்று திட்டினால் அவமானம்தான் கூடும், அதுவே அடுத்த தூண்டுதல்!

அதனால்தான் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை) குறிப்பேடு எழுதச் சொல்கிறார்கள்: “இரவு 10.30. போனில் சண்டை. வெறுமை. பிஸ்கட் பாக்கெட் முழுக்க.” பிஸ்கட்டுக்கு முந்தைய அந்த ஒற்றைச் சொல்லில்தான் சிகிச்சைக்குப் பிடி கிடைக்கிறது. வாந்தி தொடர்ந்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். தயவுசெய்து மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.