பந்து பக்கமே போகாதவனின் பரிந்துரை

பி.டி. பீரியடில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் வாட்ச்சுக்கும் செருப்புக்கும் காவல் இருந்த ஆள் நான். கிரிக்கெட் ஸ்கோர் கேட்டால் இன்றும் பக்கத்தில் இருப்பவரைக் கைகாட்டுவேன். அப்படிப்பட்டவன் போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு, ஜப்பானில் ஏதோ ஒரு பள்ளிக்கூட பாஸ்கெட்பால் அணிக்காக நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“அந்த விளையாட்டே தெரியாது, ஸ்போர்ட்ஸ் மாங்காவை (ஜப்பானிய காமிக்ஸை) எப்படிப் படிக்கிறது?” என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாமல் இருப்பதுதான் வசதி!

தகேஹிகோ இனோவேயின் ‘ஸ்லாம் டங்க்’கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990 முதல் 1996 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது, மொத்தம் 31 தொகுதிகள். நாயகன் சகுராகி சிவப்பு முடிக்காரன், அடிதடிப் பேர்வழி. 50 பெண்களிடம் காதலைச் சொல்லி 50 பேரிடமும் முடியாது என்று வாங்கிக் கட்டிக்கொண்டவன். கடைசிப் பெண்ணுக்குப் பிடித்தவன் பாஸ்கெட்பால் ஆடுகிறவன் என்பதால் அந்த விளையாட்டின் பேரைக் கேட்டாலே சகுராகிக்கு எரிச்சல். அப்புறம் புதுப் பள்ளியில் ஹருகோ வந்து, பாஸ்கெட்பால் பிடிக்குமா என்று கேட்கிறாள். பிடிக்குமாவா? உயிராச்சே!

அணியில் சேர்ந்த பிறகு அவனை மூலையில் நிறுத்தி, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே இரு என்கிறார்கள். கோபித்துக்கொண்டு வெளியே போகிறான், திரும்பி வருகிறான். நமக்கும் அங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது. ஐந்து ஃபவுல் செய்தால் வெளியேற வேண்டும் என்ற விதியை, அவன் மேட்ச்சுக்கு மேட்ச் வெளியேறித்தான் நமக்குக் கற்றுத் தருகிறான். பின்னால் ஒரே வாரத்தில் 20,000 ஷாட் போட்டுப் பழகுவான். வலது கை எறிய வேண்டும், இடது கை சும்மா தாங்கினால் போதும். அதைப் படிக்கும்போது என் இடது கை தானாகப் போய்த் தலையணை ஓரத்தில் நின்றது. வெட்கமாகத்தான் இருந்தது.

கடைசி மேட்ச்சின் கடைசி விநாடிகளில் வசனமே கிட்டத்தட்ட கிடையாது. பக்கம் பக்கமாக ஓட்டம், மூச்சு, வியர்வை. ஜெயித்தார்களா என்று சொல்ல மாட்டேன். டிவியில் பார்த்தால் கண் சிமிட்டும் நேரத்தில் போய்விடும். மாங்காவில் அதே விநாடிக்குள் ஒருவனின் பயம், அவன் பழைய தோல்வி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வரலாம்.

இன்னொரு விஷயம், ஜப்பான் பள்ளிக்கூடம். அங்கே உயர்நிலைப் பள்ளி மூன்றே வருடம். பெரிய போட்டிகள் பெரும்பாலும் நாக்அவுட். தோற்ற அன்றோடு மூன்றாம் வருடப் பிள்ளைகளில் பலருக்கு ஆட்டம் நிஜமாகவே முடிந்துவிடும். ஹருயிச்சி ஃபுருடாதேவின் வாலிபால் கதையான ‘ஹைக்கியூ’வில் (2012-2020, 45 தொகுதிகள்) நாயகர்கள் முதல் சுற்றில் ஒரு சாதாரண அணியை ஜெயிப்பார்கள். வேறு கதையாக இருந்தால் அந்த அணியை அங்கேயே விட்டுவிட்டு நகர்ந்திருக்கும். இதில் தோற்றுப்போனவர்கள் பின்னாலேயே ஒரு அத்தியாயம் போகிறது. நாங்களும் வாலிபால் ஆடியவர்கள்தானே என்கிறார்கள். அந்த அணியின் பெயர் எனக்கு நினைவில் நிற்கவில்லை, அந்த முகங்கள் நிற்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. ‘ஸ்லாம் டங்க்’கின் ஆரம்பத்தில் அடிதடி கொஞ்சம் ஓவர். ‘கேப்டன் சுபாசா’ என்கிற கால்பந்து மாங்காவில் கோல் போஸ்ட் அடுத்த ஊரில் இருக்கிறதோ என்கிற அளவுக்கு ஓடுவார்கள். பெண்கள் அணிகளின் கதை என் கண்ணில் பட்டவரை குறைவுதான். அப்புறம், வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அது தெரியாமல் முதல் அத்தியாயத்தில் பதிலை முதலில் படித்து, கேள்வியை அப்புறம் படித்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு சாயங்காலம் எங்கள் தெருமுனை வாலிபால் கோர்ட் பக்கம் வேடிக்கை பார்க்கப் போனேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. படித்த தைரியத்தில், “இதுல லிபரோ, அதான் பின்னால நின்னு பந்தை எடுக்கிற ஆள், யாருப்பா? அவருக்கு மட்டும் வேற கலர் ஜெர்ஸி இருக்கணுமே?” என்று கேட்டேன்.

“சட்டை போட்டிருக்கிறதே மூணு பேருண்ணே, இதுல கலர் வேறயா?” என்றான் சர்வீஸ் போடப் போன பையன்.