'மொபைல் கேம் ஆடினால் ஏடிஎச்டி குணமாகும்' என்ற ஃபார்வர்டு உண்மையா?

"அமெரிக்க அரசே அங்கீகரித்த வீடியோ கேம், தினமும் ஆடினால் குழந்தையின் ஏடிஎச்டி குணமாகும், மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று ஒரு செய்தி பெற்றோர் குழுக்களில் சுற்றுகிறது. ஏடிஎச்டி என்பது கவனச் சிதறலும் அதீத துறுதுறுப்பும் காணப்படும் ஒரு நிலை. பாதி உண்மை கலந்திருப்பதால் பலரும் நம்பிவிடுகிறார்கள்.

எண்டெவர்ஆர்எக்ஸ் என்ற கேமுக்கு அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020 ஜூனில் அனுமதி கொடுத்தது நிஜம்தான். ஆனால் அந்த அனுமதி அப்போது 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு, டாக்டர் எழுதிக்கொடுத்து, மற்ற சிகிச்சைகளோடு சேர்த்துத் தருவதற்கு. முன்னேற்றத்தை அளந்ததும் கணினியில் செய்யும் ஒரு கவனச் சோதனையில்தான், துறுதுறுப்பு குறையும் என்று அதில் உத்தரவாதம் கிடையாது. குணமாகும் என்று எங்கும் இல்லை. எஃப்டிஏ அதை அறிவிப்பாகவே வெளியிட்டது. இப்படி மிகைப்படுத்துவது புதிதும் இல்லை: லுமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி ஆப், ஏடிஎச்டி உட்படப் பலவற்றுக்கு உதவும் என்று போதிய ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்க வணிக ஆணையம் வழக்குத் தொடர்ந்து, 2016இல் அந்த நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டதும் பதிவில் இருக்கிறது.

எனக்குக் கவலை 'மாத்திரையை நிறுத்திவிடலாம்' என்ற அந்த வாக்கியம்தான். டாக்டரைக் கேட்காமல் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

ஏடிஎச்டி உள்ள பிள்ளைகள் தடுமாறுகிற திட்டமிடுவது, நினைவில் வைப்பது, ஆரம்பித்ததை முடிப்பது, இதெல்லாம் கேமில் அல்ல, அந்தந்த இடத்திலேயே பழக வேண்டியவை. "பையை ரெடி பண்ணு" என்றால் குழந்தை திகைத்து நிற்கும். டிஃபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், டைரி என்று மூன்று படங்களைக் கதவில் ஒட்டி, ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டி எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஆறு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியே முதல் சிகிச்சை என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல்.

அந்த ஃபார்வர்டு வந்தால் உங்களோடு நிறுத்திவிடுங்கள், அனுப்பியவருக்கும் இதைச் சொல்லுங்கள்.