சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

ஆண்டுச் சந்தா கட்டும் நாள் நெருங்கும்போதெல்லாம் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்தக் கேள்வி எழுந்துவிடும். "மாநாட்டுக்குப் போகிறவர்களுக்குச் சரி, நமக்கு இந்தத் தேசியத் தீவிர சிகிச்சைச் சங்கத்தால் என்ன பயன் அக்கா?" என்று இளைய செவிலியர் ஒருவர் இந்த முறை நேரடியாகவே கேட்டுவிட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஐ.சி.யூ.வில் வேலை செய்பவள் என்ற முறையில் இரண்டு வரியில் பதில் சொன்னேன். அது போதவில்லை என்று தோன்றியதால் இங்கே விரித்து எழுதுகிறேன்.

நான் பணியில் சேர்ந்த புதிதில், இரவு முழுவதும் மணிக்கொரு முறை நோயாளியின் ரத்தச் சர்க்கரையைப் பார்த்து, இன்சுலின் பம்ப்பின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருப்போம். சர்க்கரை 110ஐத் தாண்டக் கூடாது என்பது கட்டளை. 2001இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில், ஒரே மருத்துவமனையின் அறுவை சிகிச்சை ஐ.சி.யூ.வில் இருந்த 1,548 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, சர்க்கரையை 80க்கும் 110க்கும் நடுவே இறுக்கிப் பிடித்தால் இறப்பு குறைகிறது என்று காட்டியிருந்தது. உலகின் பல பிரிவுகள் அதைப் பின்பற்றின. நாங்களும் நம்பிக்கையோடுதான் செய்தோம். மயக்க மருந்தில் கிடப்பவரால் தலை சுற்றுகிறது என்று சொல்ல முடியாது. நெற்றியில் அரும்பும் வியர்வையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு மீண்டும் பரிசோதித்தால் சர்க்கரை 40க்குக் கீழே போயிருக்கும். அவசரமாக டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவோம். மறுநாள் அந்த நோயாளி நலமாகவே இருப்பார், எங்கள் நம்பிக்கையும் குலையாமல் இருக்கும்.

2009இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து தீவிர சிகிச்சைச் சங்கத்தின் ஆய்வுக் குழு, கனடா உள்ளிட்ட இடங்களின் ஆய்வாளர்களோடு சேர்ந்து, 6,104 நோயாளிகளைக் கொண்ட ஆய்வின் முடிவை வெளியிட்டது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களில் 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் 27.5 சதவீதம்; 180 வரை விட்டுவைத்தவர்களில் 24.9 சதவீதம். நூறு பேருக்கு இரண்டு அல்லது மூன்று உயிர்கள். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், எவ்வளவு கூர்மையான கண் இருந்தாலும், எந்தத் தனி மருத்துவரும் எந்தத் தனிப் பிரிவும் தன் படுக்கைகளைப் பார்த்து மட்டும் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. போட்டியும் பொறாமையும் உள்ள பல மருத்துவமனைகளை ஒரே கேள்விக்கு முன்னால் உட்காரவைத்து, பல ஆண்டுகள் பொறுமையாக எண்ணவைத்தால்தான் அது தெரியவரும். சங்கம் எதற்கு என்ற கேள்விக்கு என் முதல் பதில் இதுதான். தனிப் பிரிவின் கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கும் கண்ணாக அது இருக்க வேண்டும்.

எண்ணுவது என்றால் வெறும் இறப்புக் கணக்கைச் சொல்லவில்லை. மிகவும் மோசமான நிலையில் வருபவர்களை மறுக்காமல் சேர்த்துக்கொள்ளும் பிரிவில் இறப்பு அதிகமாகத்தான் இருக்கும். அதனால் முதல் 24 மணி நேரத்தின் ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன், சிறுநீரகச் செயல்பாடு, சுயநினைவு, வயது, முன்பே இருந்த நோய்கள் ஆகியவற்றை வைத்து இவ்வளவு இறப்பு எதிர்பார்க்கத்தக்கது என்று கணித்து, உண்மையில் நடந்ததை அதனோடு ஒப்பிடுகிறார்கள். இப்படியொரு தேசியப் பதிவேடு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1992 முதல் நடக்கிறது. பிரிட்டனில் 1970இல் உருவான தீவிர சிகிச்சைச் சங்கத்தின் முயற்சியால் 1994இல் இதற்கென்றே ஒரு தணிக்கை மையம் பிறந்தது. ஒரு பிரிவின் எண் கவலை தருவதாக இருந்தால் முதலில் தரவு சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு எப்படிப்பட்ட நோயாளிகள் வந்தார்கள் என்று பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் சிகிச்சையைக் கேள்வி கேட்க வேண்டும். தண்டிப்பதற்காக எண்ணினால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். இந்தப் பதிவேட்டுக்கான படிவத்தைப் பணி முடியும் வேளையில் கண் எரிய எரிய நிரப்புகிறவர்களில் ஒருத்தி என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

கண்டுபிடித்ததைப் படுக்கை வரை கொண்டுசேர்ப்பது அதைவிடக் கடினமான வேலை. வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சுக்கும் தள்ளும் காற்றைக் குறைத்தால், கடுமையாகப் பாதிக்கப்பட்ட நுரையீரல் உள்ளவர்களின் இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைகிறது என்பது 2000ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நிரூபிக்கப்பட்டுவிட்டது. இதற்குப் புது மருந்தோ புது இயந்திரமோ வேண்டாம், ஓர் அளவு நாடா போதும். நுரையீரலின் அளவு எடையை அல்ல, உயரத்தையே பொறுத்தது என்பதால் படுத்திருப்பவரின் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை அளக்க வேண்டும். 170 செ.மீ. உயரமுள்ள ஆண் 90 கிலோ இருந்தாலும் அவருடைய நுரையீரல் ஏறத்தாழ 66 கிலோ உடலுக்கு உரியதுதான். கிலோவுக்கு 6 மி.லி. என்று கணக்கிட்டால் ஒரு மூச்சுக்கு 400 மி.லி. அளவே. எடையைப் பார்த்து வைத்தால் 540 ஆகிவிடும். இவ்வளவு எளிய இந்தச் செய்தி எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது? ஐரோப்பியத் தீவிர சிகிச்சைச் சங்கத்தின் ஆதரவோடு 50 நாடுகளின் 459 ஐ.சி.யூ.க்களில் கணக்கெடுத்து 2016இல் வெளியிட்டபோது, இத்தகைய நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவானவர்களுக்கே கிலோவுக்கு 8 மி.லி. அல்லது அதற்குக் குறைவாகக் காற்று தரப்பட்டிருந்தது. தன் துறையின் குறையைத் தானே அளந்து உலகுக்குச் சொன்ன அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நாடாவைப் பிடிப்பது பெரும்பாலும் செவிலியரின் கை. நோயாளியை எழுப்பி உட்காரவைப்பவர் பிசியோதெரபிஸ்ட். ஆன்டிபயாடிக் அளவைச் சிறுநீரகத்துக்கு ஏற்பத் திருத்தச் சொல்பவர் மருந்தாளுநர். இவர்களைச் சங்கத்தில் 'இணை உறுப்பினர்' என்று ஓரமாக உட்காரவைத்து வாக்குரிமை தராமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்கத் தீவிர சிகிச்சைச் சங்கத்தில் செவிலியரும் மருந்தாளுநரும் தலைவர்களாகவே இருந்திருக்கிறார்கள்.

முன்பு நான் வேலை செய்த ஒரு மருத்துவமனையில், ஓர் இரவு வென்டிலேட்டரில் இருந்த இருவரை நான் ஒருத்தியே பார்க்க நேர்ந்தது. ஒருவருக்குச் சளியை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தில் அடுத்தவர் தன் சுவாசக் குழாயைத் தானே இழுத்துவிட்டார். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் விபத்துப் படிவத்தில் என் பெயர்தான் ஏறியது. எத்தனை பேருக்கு எத்தனை செவிலியர் இருந்தோம் என்று எழுத அதில் ஒரு கட்டம்கூட இல்லை. பிரிட்டனில் சங்கமும் தீவிர சிகிச்சை மருத்துவக் கல்விப் புலமும் சேர்ந்து, இப்படிப்பட்ட ஒரு நோயாளிக்குக் குறைந்தது ஒரு செவிலியர் என்று தரநிலை எழுதிவைத்திருக்கின்றன. அப்படி ஒரு தாள் கையில் இருந்திருந்தால் அன்றைக்கு நான் நிர்வாகத்திடம் தனியாளாகக் கெஞ்ச வேண்டியிருந்திருக்காது.

உயிரின் இறுதிக் கட்டத்தில் இந்தத் தேவை இன்னும் கூர்மையாகிறது. சிகிச்சை இனிப் பயன் தராது என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும், சட்டத்துக்கு அஞ்சி இயந்திரத்தை ஓடவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 1993இல் தொடங்கப்பட்ட இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 2005லேயே இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் கண்ணியமாக இறக்கும் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தாலும், தனக்கு இறுதிக் கட்டத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் உயிர் விருப்ப ஆவணத்தில் மாஜிஸ்ட்ரேட் மேலொப்பம் இட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளால் நடைமுறையில் அது முடங்கியே கிடந்தது. அந்தச் சங்கம் மனுச் செய்து வாதாடிய பிறகே, 2023 ஜனவரியில் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்று நிபந்தனைகள் தளர்ந்தன. எந்த மருத்துவமனையும் எந்தக் குடும்பமும் இதைத் தனியாகச் செய்திருக்க முடியாது.

இவற்றையெல்லாம் செய்ய வேண்டிய சங்கம், மருந்து நிறுவனங்களின் பணத்தில் ஆண்டுக்கு ஒரு மாநாடு நடத்துவதோடு நின்றுவிட்டால் எனக்குக் கோபம் வருகிறது. வழிகாட்டுதல் எழுதும் குழுவில் இருப்பவர் எந்த நிறுவனத்திடம் என்ன பெற்றார் என்பது முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்த இளைய செவிலியரும் நானும் இந்த வாரம் சந்தாவைக் கட்டிவிட்டோம். கூடவே அடுத்த பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானமும் எழுதி அனுப்பியிருக்கிறோம். செவிலியர், பிசியோதெரபிஸ்ட், மருந்தாளுநர் அனைவருக்கும் வாக்குரிமை. விபத்துப் படிவத்தில் அன்றைய பணியாளர் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம். வழிமொழிய இன்னும் கையெழுத்துகள் தேவைப்படுகின்றன. உறுப்பினராக இருப்பவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள்.