"மன்னிச்சுட்டேன்"னு சொல்ல வைக்க அவசரப்படாதீங்க

லெந்து காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், வந்தால் சேலத்துச் சபைகளிலிருந்து வேன் பிடித்து ஏற்காட்டுக்குத் தியானத்துக்குப் போவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, இரண்டு மூன்று நாள் குளிரும் அமைதியும் ஜெபமும். நல்ல காரியம், போகவேண்டும். ஆனால் கடைசி ராத்திரி, "உங்களைக் காயப்படுத்தினவங்க பேரைச் சொல்லி மன்னிச்சுட்டேன்னு கையை உயர்த்துங்க" என்று சொல்லும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தப் பதிவு.

கையை உயர்த்திவிட்டு மலை இறங்குகிறார்கள். அஸ்தம்பட்டி தாண்டி வீட்டுக்குள் நுழைந்தால் அதே கூடம், அதே அண்ணன், சாப்பாட்டுத் தட்டு முன்னால் அதே குத்தல் பேச்சு. நாலு நாளில் பழைய எரிச்சல் திரும்பிவிடும். கூடவே "எனக்கு விசுவாசம் பத்தலை போல" என்ற குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். அதற்கு அப்புறம் அவர்கள் யாரிடமும் வாய் திறப்பதில்லை.

வேதத்தில் இந்த அவசரம் கிடையாது. யோசேப்பைப் பாருங்கள். 17 வயதில் அண்ணன்மார் அவனை அடிமையாக விற்றுவிட்டார்கள், 30 வயதில் எகிப்து ராஜாவான பார்வோன் முன் நின்று அதிகாரியானான். மூத்த பிள்ளைக்கு மனாசே என்று பேர் வைத்தபோது, தன் வருத்தத்தையும் தகப்பன் வீட்டையும் தேவன் மறக்கப்பண்ணினார் என்றான். அப்படிப் பேர் வைத்தவன், அண்ணன்மார் தானியம் வாங்க வந்து நின்றதும் தனியே போய் அழுகிறான். ஆதியாகமம் 42 முதல் 50 வரை எண்ணிப் பாருங்கள், ஏழெட்டு இடத்தில் அழுகிறான். உடனே போய்க் கட்டிக்கொள்ளவும் இல்லை. அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று பார்க்கிறான். "தம்பிக்குப் பதிலா என்னை அடிமையா வெச்சுக்குங்க" என்று யூதா முன்வந்த பிறகுதான் தான் யார் என்று சொல்கிறான். விற்ற நாளிலிருந்து அதற்கு ஏறக்குறைய 22 வருஷம்.

மத்தேயு 18-ல் இயேசு மன்னிப்பைக் கடன் கணக்காகச் சொல்கிறார். அந்த உவமையில் ஒரு ராஜா தன் வேலைக்காரனிடம் முதலில் கணக்குப் பார்க்கிறார். பதினாயிரம் தாலந்து என்று அடைக்கவே முடியாத தொகை வருகிறது. அப்புறம்தான் தள்ளுபடி. காயப்பட்டவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கையே பார்ப்பதில்லை. "எங்கப்பா சரியில்லை, மன்னிச்சுட்டேன்" என்கிறார்கள். அது எந்தக் கடன்? "பத்தாவது ரிசல்ட் வந்த அன்னிக்கு, சித்தி சித்தப்பா முன்னாடி என்னைத் தண்டம்னு சொன்னார். அதுக்கப்புறம் யார் முன்னாடியும் என்னால தலை நிமிர்ந்து பேச முடியலை." இப்படி எழுதினால் அது கணக்கு. நடந்தது என்ன, அதனால் போனது என்ன, இரண்டும் அதில் வந்துவிடுகிறது.

இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம், இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ராத்திரி படுக்கப் போகும்போது எழுதாதீர்கள், தூக்கம் போய்விடும். எழுதுவதற்கு முன் 13-ம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்திலேயே "எதுவரைக்கும்" என்று நாலு தடவை கேட்கிறான் தாவீது. மூன்றாம் வசனத்தில்தான் விண்ணப்பம், ஐந்தில்தான் நம்பிக்கை. நாம் ஐந்தாம் வசனத்தை மட்டும் பிய்த்து ஸ்டேட்டஸில் போட்டுவிடுகிறோம். நெருங்கிப் பழகினவரே துரோகம் செய்திருந்தால் 55. எதுவுமே மாறவில்லை என்றால் 88, அது இருளில்தான் முடிகிறது.

எழுதி முடித்ததும், "இந்தக் கடனை வசூலிக்கிற பொறுப்பை உம்மிடம் விடுகிறேன்" என்று, பழிவாங்குதல் கர்த்தருக்குரியது என்கிற ரோமர் 12:19-ஐப் பிடித்து ஜெபிக்கலாம். மனது ஒத்துழைக்காத அன்று, "இன்னும் விட முடியலை ஆண்டவரே" என்று சொன்னாலும் அது ஜெபம்தான். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் ஒரே செடியில் பல சுற்றுப் பறிப்பார்கள், பழுத்ததை மட்டும். பச்சைக் காயை உருவினால் காப்பியின் ருசி கெடும். மன்னிப்பும் அப்படித்தான். ஏழெழுபது தரம் வரைக்கும் மன்னி என்று இயேசு சொன்னதை ஒரே ஆளின் ஒரே குற்றத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். நினைவு திரும்ப வரும்போதெல்லாம் திரும்ப விடவேண்டியிருக்கிறது.

கெட்டுப்போகிற இடங்கள் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, ஜெபக்குறிப்பு என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவது. மறுநாள் தெருவுக்கே தெரிந்துவிடும். ஆயரோ, ஃபாதரோ, வாயடக்கமுள்ள ஒரு அக்காவோ, ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, காயப்படுத்தினவருக்கே போன் போட்டு "உங்களை மன்னிச்சுட்டேன்" என்பது. "நான் என்ன பண்ணேன்?" என்று அவர் ஆரம்பிப்பார், காயம் புதுசாகும்.

மன்னிப்பு வேறு, பழையபடி சேர்ந்துகொள்வது வேறு. கன்னானாகிய (செம்பு வேலை செய்கிற) அலெக்சந்தர் தனக்கு வெகு தீமை செய்தான் என்று எழுதின பவுல், பதிலளிப்பதைக் கர்த்தரிடம் விட்டார். அதே மூச்சில் தன் இளைய ஊழியன் தீமோத்தேயுவிடம், நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு என்றார். அடிக்கிற புருஷனிடம் "மன்னிச்சுப் போம்மா" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது சுவிசேஷம் இல்லை. பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் பண்ணக் கற்றுக்கொடுங்கள். குழந்தையிடம் தப்பாக நடந்த விஷயம் சபைக்குள் தெரிந்தால், மூடிவைத்து ஜெபிப்பதற்கு இடமே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கும் 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி தெரிந்தும் புகார் சொல்லாதது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

சாகவேண்டும் என்று எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடு என்றான். மறுபடி தூங்க விட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, சாகத் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால் உபவாசம் இருக்கச் சொல்லாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். டாக்டர் மாத்திரை கொடுத்தால் ஜெபத்தோடு சேர்த்து அதையும் சாப்பிடட்டும்.

தியானம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கடைசி ராத்திரியில் கீபோர்டை நிறுத்திவிட்டு 88-ம் சங்கீதத்தை ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும். அரைமணி நேரம் யாரும் பேசவேண்டாம், யாரும் கையை உயர்த்தவேண்டாம். அழுகிறவர் பக்கத்தில் ஒருவர் போய் உட்காரட்டும். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள்கூட முதல் ஏழு நாள் அப்படித்தான் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.