ஒழுகுறது யாரால?

போன ஞாயிறு ஆராதனை முடிஞ்சு தாராவி 90 அடி ரோட்டுல நின்னு டீ குடிச்சிட்டு இருந்தோம், சபைல ஒரு தம்பி, கல்யாணமாகி ரெண்டு வருஷம்கூட ஆகல, "அண்ணே வீட்டுக்குப் போகவே பிடிக்கலண்ணே, தினம் சண்டை, பைபிள்ல சாலொமோன் ராஜாவே சொல்லிட்டாருல்ல, சண்டைக்காரியோட பெரிய வீட்டுல இருக்கிறதவிட வீட்டு மேல ஒரு மூலைல இருக்கிறது மேல்னு" அப்படின்னான். அவங்க இருக்கிறது பத்துக்குப் பத்து ரூம், மேல ஒரு பரண். நாலு நாளா நெசமாவே அந்தப் பரண்லதான் படுத்துக்கிறானாம், அவன் கட்டிக்கிட்ட புள்ள கீழ தனியா. எனக்கு மனசு கேக்கல. அவன்கிட்ட கேட்டுட்டுதான் இத எழுதுறேன்.

நீதிமொழிகள் 21:9 நம்ம ஆம்பளைங்க எல்லாருக்கும் மனப்பாடம். அதே வசனம் 25:24ல திரும்ப வருது, அதுவும் தெரியும். ஆனா அடுத்த அதிகாரத்துல 26:21 இருக்கே, நெருப்புக்கு விறகு எப்படியோ அப்படித்தான் சண்டைய மூட்டிவிட வாதுப்பிரியன்னு, அத எத்தனை பேர் வீட்டுல சொல்லிருக்கோம்? வாதுப்பிரியன்னா வாக்குவாதம் பண்றதுல பிரியம் உள்ளவன், ஆம்பளையச் சொல்ற வார்த்தை. அந்த விறகு நாமதான்.

அப்புறம் 27:15. அடைமழை நாளுல ஓயாத ஒழுக்கும் சண்டைக்காரியான ஸ்திரீயும் சரின்னு, அதாவது ரெண்டும் ஒண்ணுதான்னு. மும்பைல சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழ குடியிருக்கிறவனுக்கு இதுக்கு விளக்கவுரையே வேண்டாம். எங்க வீட்டுல ஷீட்டுல ஒரு கீறல், மே மாசமே என் வீட்டுக்காரி சொன்னா, மழைக்கு முன்னாடி தார்ப்பாய் போட்டுருங்கன்னு. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளி ஜூன்ல மழை புடிச்சிருச்சு. ராத்திரி ரெண்டு மணி, பிள்ளைங்க தலைமாட்டுல அலுமினியச் சட்டி, டொக்கு டொக்குனு சத்தம், அவ எந்திரிச்சு தண்ணிய வெளிய கொட்டிட்டு சட்டிய வச்சிட்டுப் படுத்தா, திரும்ப எந்திரிச்சா. காலைல மறுபடி தார்ப்பாய் பேச்ச எடுத்ததும் நான் கத்தினேன், எப்பப் பாத்தாலும் நைநைனு, பைபிள்ல உன்னத்தான் ஒழுக்குன்னு எழுதிருக்குன்னு. அவ ஒண்ணும் சொல்லல. பாதி நிறைஞ்ச சட்டியத் தூக்கி என் முன்னாடி வச்சா.

அன்னைக்குத்தான் எனக்கு அந்த வசனம் புரிஞ்சுது. கூரை சும்மா ஒழுகாது, எங்கயோ ஓட்டை இருக்கு, ஓட்டைய அடைக்க வேண்டியவன் அடைக்கல.

17:14ல சண்டையோட ஆரம்பத்த மதகு திறந்து விடுறதுக்கு ஒப்பிட்டிருக்கு. திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து வந்த நமக்கு மதகு தெரியும், பாஞ்ச தண்ணிய யாராலயும் திரும்பக் கூப்பிட முடியாது. நம்ம வீடுகள்ல அந்த மதகு என்ன தெரியுமா, "உங்கம்மா வீட்டுல உனக்கு இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா"ங்கிற ஒரு வார்த்தை. அது வாய்ல வர்றப்பவே நிறுத்திரணும்.

இன்னொண்ணு, 15:1 மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்னு சொல்லுது. பிரதியுத்தரம்னா பதில். மூணு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டுப் பேசாம இருந்துட்டு நான் பொறுமையா இருந்தேன்னு சொல்றவங்களுக்கு இந்த வசனம் சேராது. எபேசியர் 4:26 சூரியன் அஸ்தமிக்கிறதுக்குள்ள எரிச்சல் தணியணும்னு சொல்லுது, நாம சயான் ஸ்டேஷன்ல ட்ரெயின் விட்டு இறங்குறப்பவே இருட்டிருது, அதனால வேலை இடத்துல இருந்தே சாயங்காலம் ஒரு போன் போட்டுருங்கப்பா.

இதெல்லாம் வாய்ச்சண்டைக்கு மட்டும். அடி வாங்குற அக்கா தங்கச்சிகிட்ட யாரும் 15:1 எடுத்துட்டுப் போய் அடங்கிப் போன்னு சொல்லிறாதீங்க, தயவு செஞ்சு. குடும்ப வன்முறைக்கு 2005லயே சட்டம் வந்தாச்சு, 181ங்கிற பெண்கள் உதவி எண்ணுக்கு போன் பண்ணலாம், விசுவாசம் குறைஞ்சிரும்னு யாரும் பயப்பட வேண்டாம். மனைவிக்குக் கனம் குடுக்காதவனோட ஜெபத்துக்குத்தான் தடைன்னு 1 பேதுரு 3:7 சொல்லுது.

அந்தத் தம்பிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன், அந்தப் புள்ள உங்கிட்ட ரொம்ப நாளா கேட்டு நீ செய்யாதது என்னடான்னு. கொஞ்ச நேரம் டீ கிளாஸையே பாத்துட்டு இருந்தான். "அடுப்புல ஒரு பர்னர் எரியலண்ணே, மூணு மாசமா சொல்லுறா, ஒத்த பர்னர்ல சமைச்சுட்டுதான் வேலைக்கு ஓடுறா" அப்படின்னான். அப்பவே ரெண்டு பேருமாப் போய் வாங்கினோம். நேத்து கேட்டேன், பேச்சு இன்னும் முழுசா சரியாகலையாம், ஆனா பரண்ல இருந்து இறங்கிட்டான்.